பசையா, உறைவா? ரத்தம் நிறுத்தும் மாவுச்சத்துத் தூளைச் சோதிப்பது

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் சிட்ரேட் கலந்த ரத்தம் 1 மி.லி. எடுத்து, அதன் மேல் 0.1 கிராம் தூளைத் தூவிப் பாருங்கள். முதல் சில நொடிகள் தூள் வெள்ளையாக மிதக்கும். பிறகு விளிம்பிலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டே வரும். ஒரு நிமிடம் கழித்துக் குப்பியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது. உடனே நோட்டில் "உறையும் நேரம் 60 நொடி" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் தப்பு. சிட்ரேட் ரத்தத்தில் கால்சியம் கட்டுண்டு கிடக்கிறது, உறைவின் நார்வலையான ஃபைப்ரின் உருவாக வழியே இல்லை. கவிழ்த்தும் விழாமல் நிற்பது ரத்தத்தில் ஊறிய மாவுப் பசைதான்.

இந்தத் தூள்களின் சோதனை முடிவுகளில் காணும் குளறுபடிகளில் பல இங்கிருந்துதான் கிளைக்கின்றன. தண்ணீரைக் குடிப்பதே வேலையாக இருக்கும் ஒரு பொருள், சோதனைக் குழாயில் நீங்கள் ஊற்றும் எல்லா நீரையும் குடிக்கும். சாறெடுக்கும் கரைசலைக் குடிக்கும், வினைப்பொருளைக் குடிக்கும், ஹீமோகுளோபினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றப் பொருள்களுக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்து இதற்குப் போட்டால் நல்ல தூள் மோசமாகவும் மோசமான தூள் அருமையாகவும் தெரியும்.

தூள் செய்யும் வேலையை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உருளைக்கிழங்கு போன்ற தாவரங்களின் சுத்திகரித்த மாவுச்சத்தை எடுத்து, அதன் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்து, நுண்துளைகள் உள்ள துகள்களாக ஆக்குகிறார்கள். குறுக்கே பிணைக்கப் பரவலாகப் பயன்படுவது எபிகுளோரோஹைட்ரின் என்னும் வேதிப்பொருள். ரத்தம் பட்டதும் நீரும் சிறிய மூலக்கூறுகளும் துளைக்குள் போகும். சிவப்பணு, தட்டணு, ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜன் புரதம் போன்ற பெரியவை வெளியே நின்று துகளைச் சுற்றி நெருக்கியடிக்கும். அந்த நெருக்கத்தில் நோயாளியின் சொந்த உறைதல் வேகம் பிடிக்கிறது. தூளில் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியான த்ராம்பினும் கிடையாது, ஃபைப்ரினோஜனும் கிடையாது. ஆகவே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக அளக்க வேண்டியிருக்கிறது: பசை எவ்வளவு அடைக்கிறது, உறைதல் எவ்வளவு முடுக்கப்படுகிறது. காயத்தில் இரண்டுமே உதவும். ஆனால் பசை சில நாளில் கரைந்துவிடும், அப்போது கீழே ஃபைப்ரின் இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகையில் அரிஸ்டா என்ற தூளுக்கு 2006இலும் பெர்கிளாட் என்ற தூளுக்கு 2023இலும் அனுமதி தந்தது. அழுத்திப் பிடிப்பதும் ரத்தக் குழாயை நூலால் கட்டுவதும் பலிக்காத இடங்களில், நுண்குழாய்களிலிருந்தும் சிறு நாளங்களிலிருந்தும் கசியும் ரத்தத்துக்கானவை இவை. பீய்ச்சியடிக்கும் தமனிக்கு இந்தத் தூளைப் போட்டுப் பார்க்கும் சோதனை நேரத்தை வீணடிப்பது. ரத்தக் குழாய்க்குள் தூள் போய்விட்டால் அடைப்பு ஏற்படும் என்பதால் அங்கே பயன்பாடே விலக்கப்பட்டது.

ரத்தத்தைத் தொடும் முன்

ஈரப்பதம்தான் முதல் வேலை. 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். பதப்படுத்தாத உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் 20 சதவீதம் வரை ஈரம் இருக்க மருந்து நூல்களே அனுமதிக்கின்றன. முடிந்த தூளில் அது இதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். ஈரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் உறிஞ்சும் திறன் தவறாக வரும். ஓர் எடுத்துக்காட்டு: 12 சதவீத ஈரமுள்ள தூள் 0.5 கிராம். ஊறிய பசை 4.9 கிராம். அப்படியே கணக்கிட்டால் ஒரு கிராமுக்கு 8.8 கிராம். உலர் எடை 0.44 கிராம்தான் என்று திருத்தினால் 10.1. இரண்டு பேட்சுகளுக்கு இடையே இவ்வளவு வித்தியாசம் வந்தால் குறுக்கிணைப்பில் கோளாறு என்று ஆளைத் தேடுவார்கள். கோளாறு பொட்டலத்தின் மூடியில் இருந்திருக்கும்.

துகள் அளவை லேசர் ஒளிச்சிதறலில் பார்க்கும்போது நீரில் கலக்கக் கூடாது. துகள் ஊதி, அளக்க அளக்கப் பெரிதாகிக்கொண்டே போகும். ஐசோபுரொப்பனாலில் கலக்குங்கள், அல்லது உலர்காற்றில் பரப்புங்கள். உலர்முறையில் காற்றழுத்தத்தை 0.5, 1, 2, 3 பார் என்று ஏற்றிப் பார்த்து, எந்த இடத்தில் முடிவு நிலைக்கிறது என்று கண்டுபிடித்து அதையே வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஒட்டிக்கொண்ட துகள் கூட்டங்கள் ஒரே துகளாகத் தெரியும், அதிகமானால் துகளே உடையும். சராசரி அளவைவிட இரண்டு ஓரங்களும் முக்கியம். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள நுண்தூள் காற்றில் பறக்கும், நனைந்ததும் கட்டி தட்டும், திசுவில் விழுங்கணுக்களை இழுக்கும். மிகப் பெரிய துகள் மெதுவாகக் குடிக்கும், சரிந்த காயப் பரப்பில் நிற்காமல் உருண்டு போகும்.

உறிஞ்சும் அளவை எல்லோரும் சென்ட்ரிஃபியூஜில்தான் பார்க்கிறார்கள். எடை பார்த்த 50 மி.லி. குழாயில் 0.5 கிராம் தூள், 37 டிகிரியில் 20 மி.லி. சலைன், ஊற்றியதும் உடனே வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கல், 10 நிமிடம் ஊறல், புவியீர்ப்பின் 500 மடங்கு விசையில் 10 நிமிடம் சுழற்றல், மேல்நீரை வடித்துவிட்டு வடிதாள் மேல் 10 நிமிடம் கவிழ்த்தல், எடை. எத்தனை சுழற்சி என்று எழுதாமல் எத்தனை மடங்கு விசை என்று எழுதுங்கள். வேறு ரோட்டரில் அதே சுழற்சி எண் வேறு விசையைத் தரும், விசை கூடினால் எடை குறையும்.

இந்த முறையில் துகளின் உள்ளே போன நீரும் துகள்களுக்கு இடையே சிக்கிய நீரும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பிரித்துப் பார்க்க, சாயம் பிணைத்த நீண்ட சர்க்கரைச் சங்கிலியான நீல டெக்ஸ்ட்ரான் நல்ல உபாயம். அதன் மூலக்கூறு எடை சுமார் 20 லட்சம், துகளுக்குள் நுழைய முடியாது. துகள் நீரைக் குடித்தால் வெளியே சாயம் அடர்த்தியாகும். 20 மி.லி. கரைசலின் ஒளி உறிஞ்சல் 620 நானோமீட்டரில் 0.500ஆக இருந்து 0.625ஆக ஏறினால், உள்ளே போன நீர் 20 × (1 − 0.500/0.625), அதாவது 4 மி.லி. தூள் 0.5 கிராம் என்றால் கிராமுக்கு 8. சென்ட்ரிஃபியூஜ் 10 என்று சொல்லியிருந்தால் மிச்சம் 2 இடைவெளி நீர். உறைதல் காரணிகளை நெருக்கிக் குவிக்கும் வேலை அந்த 8இல்தான் நடக்கிறது.

இதே சோதனையைச் சலைனோடு நிறுத்தாமல் பிளாஸ்மாவிலும் செய்யுங்கள். அல்புமின் உள்ள திரவத்தில் எண் குறைவது இயல்பு. எதிர்மின்னேற்றமுள்ள கார்பாக்ஸிமெத்தில் குழுக்கள் ஏற்றிய மாவுச்சத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெறும் நீரில் பிரம்மாண்டமாக ஊதும், சலைனில் பாதியாகச் சுருங்கும். வெறும் நீரில் எடுத்த எண்ணை விளம்பரத்தில் போடுபவர்களை நம்ப வேண்டாம்.

10 நொடிக் கணக்கு

10 நிமிடத்தில் எவ்வளவு குடிக்கிறது என்பதைவிட முதல் 10 நொடியில் எவ்வளவு என்பதுதான் அறுவைச் சிகிச்சையில் பயன்படும் எண். இதற்குச் செலவில்லாத அமைப்பு ஒன்று உண்டு. துளைக்கண்ணாடித் தட்டு உள்ள புனலை ஒரு ரப்பர்க் குழாயால் பியூரெட்டோடு (அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாய்) இணைத்து, தட்டின் மேற்பரப்பும் பியூரெட்டின் நீர்மட்டமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். தட்டின் மேல் ஈரமான வடிதாள், அதன் மேல் 0.2 கிராம் தூளைச் சீராகப் பரப்பி, 5, 10, 20, 30, 60 நொடிகளில் பியூரெட்டைப் படியுங்கள். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் எண் கெடும். நீர்மட்டம் தட்டைவிட ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் தூள் குடிக்காவிட்டாலும் நீர் தானாக ஏறும்.

இந்த அமைப்பில் தூளின் கனத்தை மாற்றிப் பார்ப்பதுதான் மிகப் பயனுள்ளது. 0.2 கிராமுக்குப் பதில் அதே பரப்பில் 0.6 கிராம் போட்டால் மூன்று மடங்கு குடிக்க வேண்டும். பல தூள்கள் குடிப்பதில்லை. நீரைத் தொட்ட கீழ் அடுக்கு ஊதி ஒட்டி ஒரு தோல் போல மூடிக்கொள்ள, மேலே உள்ளது காய்ந்தே கிடக்கும். கம்பியால் கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள் அப்படியே இருக்கும். நுண்தூள் கூடக் கூட இந்த அடைப்பு மோசமாகும். காயத்திலும் இதுவேதான். தேங்கிய ரத்தத்தின் மேல் குவியலாகக் கொட்டினால் மேலே வெள்ளை மேடு, அடியில் ரத்தம் வழிந்தோடும் ஆறு. அதனால்தான் முதலில் தேங்கியதை ஒற்றி எடு, கசியும் வாயில் தூளைப் போடு, உடனே அழுத்து என்ற வரிசை. சோதனையிலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

ரத்தத்தோடு

குழாயைச் சாய்த்துப் பார்க்கும் முறையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் தனியாக விடக் கூடாது. ஒவ்வொரு தூளுக்கும் குறைந்தது நான்கு குழாய்கள் வேண்டும். கால்சியம் சேர்த்த ரத்தமும் தூளும் ஒன்று. கால்சியத்துக்குப் பதில் அதே அளவு சலைன் சேர்த்த ரத்தமும் தூளும் இரண்டாவது. தூளில்லாத கால்சிய ரத்தம் மூன்றாவது. நான்காவதில், முன்கூட்டியே சலைனில் ஊறவைத்து மிகை நீரைச் சுழற்றி நீக்கிய அதே தூளும் கால்சிய ரத்தமும். இரண்டாவது குழாய் பசையை மட்டும் காட்டும். நான்காவது இன்னும் நுட்பமானது: துகளின் பரப்பு இருக்கிறது, ஆனால் நீர் குடிக்கும் தாகம் தீர்ந்துவிட்டது. நான்காவதில் உறைதல் வேகம் மூன்றாவதைப் போலவே இருந்து, முதலாவதில் மட்டும் வேகமெடுத்தால், முடுக்கம் நீர் உறிஞ்சிக் குவிப்பதால் வந்தது என்று சொல்லலாம். நான்காவதிலும் வேகமெடுத்தால் பரப்பில் வேறேதோ நடக்கிறது. மின்னேற்றமோ மாசோ, தேட வேண்டும்.

ரத்த உறைவுக் குறியீடு என்னும் ஒளி உறிஞ்சல் சோதனைதான் கட்டுரைகளில் அதிகம் வருவது. 37 டிகிரியில் சூடாக்கிய பீக்கரில் 10 மி.கி. தூள், அதன் மேல் 200 மைக்ரோலிட்டர் சிட்ரேட் ரத்தம், 0.2 மோலார் கால்சியம் குளோரைடு 20 மைக்ரோலிட்டர், 5 நிமிடம் காத்திருப்பு, பிறகு 25 மி.லி. வெறும் நீரைச் சுவரோரமாக வழியவிடுவது. உறைவில் சிக்காத சிவப்பணுக்கள் வெடித்து ஹீமோகுளோபின் வெளியே வரும். 540 நானோமீட்டரில் அளந்து, தூளில்லாமல் அதே ரத்தத்தை நேராக 25 மி.லி. நீரில் போட்ட மாதிரியோடு ஒப்பிட்டுச் சதவீதம் எடுப்பார்கள். எண் குறைந்தால் நல்லது.

இந்தச் செய்முறையின் அளவுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 40 சதவீதம் என்றால் 200 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பிளாஸ்மா 120 மைக்ரோலிட்டர். கிராமுக்கு 10 மி.லி. குடிக்கும் தூள் 10 மி.கி. போட்டால் 100 மைக்ரோலிட்டர் குடிக்கும். பிளாஸ்மாவில் ஏறத்தாழ எல்லாமே போய்விட்டது, மிச்சம் சிவப்பணுக் குழம்பு. இந்த நிலையில் எந்த மாவுச்சத்துத் தூளும் வெற்றி பெறும். தூளை 2, 4, 6, 10 மி.கி. என்று ஏற்றிக்கொண்டே போய் வளைவு வரைந்தால்தான் இரண்டு தூள்களுக்கு இடையே வேறுபாடு தெரியும். கால்சியத்தையும் கவனிக்கலாம். 3.2 சதவீத சிட்ரேட் ஒன்றுக்கு ஒன்பது பங்கு ரத்தத்தில் ஏறத்தாழ 11 மில்லிமோலார். மேலே சொன்ன 20 மைக்ரோலிட்டர் சேர்த்ததும் கால்சியம் சுமார் 18 மில்லிமோலார். தேவைக்கு மேல் தாராளம். 12 மைக்ரோலிட்டரே போதும், அப்போது 11 மில்லிமோலாரை ஒட்டி வரும். கார்பாக்ஸிமெத்தில் வகைத் தூள் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அந்த வகைக்கு அயனிக் கால்சியத்தை மின்முனையால் அளந்துவிட்டே முடிவைப் படிக்க வேண்டும்.

வழக்கமான தவறுகள் மூன்று. நீரை வேகமாக ஊற்றி உறைவைக் கலைப்பது ஒன்று. 25 மி.லி.யைக் குறைந்தது ஒரு நிமிடம் எடுத்து ஊற்றுங்கள். இரண்டாவது, தப்பி மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடித்து உறிஞ்சலைக் கூட்டுவது. மாதிரியைச் சுழற்றித் தெளிய வைத்த பிறகு அளக்க வேண்டும், 700 நானோமீட்டரில் ஒரு முறை படித்தால் கலங்கல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூன்றாவது, பசைக்குள் வெடித்த சிவப்பணுவின் ஹீமோகுளோபின் மெதுவாகவே வெளியே வருவது. 5 நிமிடத்தில் படித்தால் 20 சதவீதம் என்று காட்டும் தூள், 30 நிமிடத்தில் 45 என்று காட்டலாம். உண்மையான ஃபைப்ரின் வலை இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. ஆகவே இரண்டு நேரங்களிலும் படியுங்கள். கால்சியமில்லாத கன்ட்ரோலையும் கூடவே ஓட்டுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் உறைதலின் பங்கு.

உறைவின் வலிமையைக் கிண்ணத்துக்குள் தொங்கும் ஊசியால் அளக்கும் த்ராம்போ எலாஸ்டோகிராஃபியில் கிண்ணத்துக்கு 340 மைக்ரோலிட்டர் ரத்தமும் 20 மைக்ரோலிட்டர் கால்சியமும் போகும். தூளை நேரே கிண்ணத்தில் போட்டால் அடியில் படிந்துவிடும், ஊசிக்கு எதுவும் தெரியாது. தனிக் குப்பியில் தூளையும் ரத்தத்தையும் ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, நுனியை 2 மி.மீ. வெட்டிய பிப்பெட் முனையால் மாற்றுவது நல்லது. வெட்டாத முனையில் துகள் அடைத்துக்கொண்டு திரவம் மட்டும் வரும். தூளில்லா ரத்தத்தையும் அதே போலக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், கலக்குவதே உறைதலைத் தூண்டும். வரைபடத்தின் அகலம் தொடக்கத்திலிருந்தே விரிந்திருந்தால் அது பசையின் இழுவை. உறைவின் உச்ச வலிமை கூடியிருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் கால்சியமில்லாத ஓட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிளாஸ்மா உறையும் நேரத்தை அளக்கும் வழக்கமான சோதனைகளான புரோத்ராம்பின் நேரமும் ஏ.பி.டி.டி.யும் இந்தத் தூளுக்குப் பெரிதாக மாறக் கூடாது. மாறினால்தான் செய்தி.

சாறெடுப்பதும் மாசுகளும்

நச்சுத்தன்மைச் சோதனைகளுக்குத் தூளைத் திரவத்தில் ஊறவைத்துச் சாறெடுக்கும் விகிதத்தை ஐ.எஸ்.ஓ. 10993-12 என்ற தரநூல் சொல்கிறது: தூளுக்கு மி.லி.க்கு 0.2 கிராம், அதாவது 1 கிராமுக்கு 5 மி.லி. கிராமுக்கு 10 மி.லி. குடிக்கும் தூளில் 5 மி.லி. ஊற்றினால் கிடைப்பது காய்ந்த பசை. சாறு என்று ஒன்றுமே இல்லை. இதற்கு அதே தரநூலில் வழி உண்டு. பொருள் குடிக்கும் அளவைத் தனியாக அளந்து, அதைக் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஆக 5 + 10 = 15 மி.லி. இந்தக் கூடுதலை அறிக்கையில் வெளிப்படையாக எழுதாவிட்டால் பரிசீலிப்பவர் நீர்த்துப்போன சாறு என்று திருப்பி அனுப்புவார், நியாயமாகவே.

சிவப்பணுச் சிதைவுச் சோதனையில் ஏ.எஸ்.டி.எம். எஃப்756 என்ற தரநூலின் வரம்புகள் எளியவை: 2 சதவீதம் வரை சிதைவில்லை, 2 முதல் 5 வரை லேசானது, 5க்கு மேல் சிதைக்கும் பொருள். இங்கேயும் தூள் வெளிவந்த ஹீமோகுளோபினைத் தன்னுள் வைத்துக்கொண்டு குறைவாகக் காட்டும். தெரிந்த அளவு ஹீமோகுளோபினைத் தூளோடு கலந்து 3 மணி நேரம் கழித்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

காய்ச்சலைத் தூண்டும் பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினில் பொதுவான வரம்பு ஒரு கருவிக்கு 20 யூனிட். 5 கிராம் பொட்டலம் என்றால் கிராமுக்கு 4. தாவரப் பொருளில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால், இந்தச் சோதனையில் பயன்படும் குதிரைலாட நண்டின் ரத்த அணுச் சாறு (லைசேட்) அதையும் எண்டோடாக்சின் என்று படிக்கும். பீட்டா குளுக்கானைத் தடுக்கும் பஃபர் சேருங்கள், அல்லது நண்டுச் சாறு இல்லாமல் மரபணு முறையில் தயாரித்த புரதத்தைப் பயன்படுத்தும் மறுசேர்க்கைக் காரணி சி முறைக்குப் போங்கள். சேர்த்த எண்டோடாக்சின் 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்கிறதா என்பதையும் விடக் கூடாது.

மீந்த எபிகுளோரோஹைட்ரின் புற்று நோக்கில் கவலைக்குரிய பொருள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பிரிவில், வைத்திருக்கிறது. மாதிரிக்கு மேலே சேரும் ஆவியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் வாயு நிறவரைவியலில் பார்க்கலாம். நீரில் நாட்கணக்கில் தானே சிதையும் என்பதால் சாற்றை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வாரம் ஓட்டினால் பூஜ்யம் வருவது இயல்பு. அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. வரம்பைக் கணக்கிடும்போது ஒரு பொட்டலத்தை வைத்துக் கணக்கிடாமல், ஒரே நோயாளியில் போடக்கூடிய மொத்தத் தூளை வைத்துக் கணக்கிட வேண்டும்.

உடலில் கரைவது

"24 முதல் 48 மணி நேரத்தில் உறிஞ்சப்படும்" என்று பொட்டலத்தோடு வரும் விவரச் சிட்டையில் போட ஆய்வகச் சான்று வேண்டும். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியோடு 37 டிகிரியில் ஊறவைத்துப் பார்ப்பதுதான் முறை. நொதியை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் எல்லா ஏமாற்றும் இருக்கிறது. மனித சீரத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 110 யூனிட் அமைலேஸ். அதை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிட்டால் எந்தத் தூளும் பிற்பகலுக்குள் காணாமல் போகும். உடலளவு நொதியில் ஒரு வரிசை, அதன் பத்து மடங்கில் ஒரு வரிசை, நொதியே இல்லாமல் ஒரு வரிசை என்று மூன்றும் வேண்டும். அமைலேஸுக்குக் கால்சியமும் குளோரைடும் தேவை. பாஸ்பேட் பஃபர் கால்சியத்தை மெதுவாகப் படியவைக்கும், ஆகவே ஹெப்பெஸ் பஃபர் 20 மில்லிமோலார், பி.எச். 7.4, 0.9 சதவீத உப்பு, 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு என்று கலந்துகொள்ளலாம். நொதி நாளாக ஆகத் தளரும், ஆகவே 24 மணிக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள்.

பாக்டீரியாவைத் தடுக்கும் சோடியம் அசைடு 0.02 சதவீதம் சேர்க்க மறந்தால் இரண்டாம் நாள் குழாய் கலங்கும். மாவுச்சத்தையும் சர்க்கரையையும் பாக்டீரியா தின்றிருக்கும், எடை குறைந்திருப்பதைக் "கரைந்தது" என்று எண்ணி மகிழ்வோம். நொதியில்லாத வரிசையிலும் எடை குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வெளிவரும் சர்க்கரையை அளக்கக் குளுக்கோஸ் கிட்டைப் பயன்படுத்த வேண்டாம். அமைலேஸ் தருவது பெரும்பாலும் மால்டோஸும் சிறு சங்கிலிகளும், கிட் அவற்றைக் காணாது. போதாக்குறைக்கு அசைடு, அந்தக் கிட்டில் உள்ள பெராக்ஸிடேஸ் நொதியை முடக்கிவிடும். மால்டோஸ் போன்ற சர்க்கரைகளோடு நிறம் மாறும் டி.என்.எஸ். வினைப்பொருளே இங்கு வசதி: 1 மி.லி. மாதிரி, 1 மி.லி. வினைப்பொருள், கொதிநீரில் 5 நிமிடம், ஆறவைத்து 540 நானோமீட்டர், மால்டோஸ் வரைகோடு. கூடவே மீந்த துகளின் உலர் எடையையும் எடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், பெரிய துண்டுகளாக உடைந்து கரைசலில் மிதக்கின்றன என்று பொருள்.

திசுத் துண்டுகளில் மிச்சத்தைத் தேட லுகால் அயோடினும் பி.ஏ.எஸ். சாயமும் போதும். துருவ ஒளியில் நான்கு இதழ்ச் சிலுவை தெரிந்தால் அது பதப்படுத்தாத மாவுமணி. சமைந்து குறுக்கிணைந்த துகளில் அந்தச் சிலுவை பெரும்பாலும் அழிந்திருக்கும். ஒரு காலத்தில் கையுறைத் தூளாலும் இந்தச் சிலுவை வயிற்றறைத் திசுக்களில் தென்பட்டது. அந்தத் தூள் உண்டாக்கிய அழற்சியும் ஒட்டுதல்களும் சேர்ந்துதான் அமெரிக்காவில் தூள் பூசிய மருத்துவக் கையுறைகளுக்கு 2017 ஜனவரியில் தடை வந்தது. மாவுச்சத்து என்றாலே பரிசீலகர்கள் புருவம் உயர்த்துவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

அப்ளிகேட்டர்

தூளை மட்டும் சோதித்துவிட்டு, அதைத் தூவும் குப்பியை மறப்பது வழக்கமாக நடக்கிறது. துருத்தி போல அமுங்கும் பெல்லோஸ் குப்பியைப் பத்து முறை அமுக்கி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு வந்தது என்று எடை பாருங்கள். நேராக, 45 டிகிரியில், தலைகீழாக. 75 சதவீத ஈரப்பதத்தில் மூடியைத் திறந்து 30 நிமிடம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். தட்டி நிரப்பிய அடர்த்திக்கும் தளர்வான அடர்த்திக்கும் உள்ள விகிதம் 1.25ஐத் தாண்டினால் தூள் குப்பியில் மக்கர் செய்யும். முனையை ஒரே ஒரு முறை ரத்தத்தில் தொட்டுவிட்டு அமுக்கிப் பாருங்கள். பெரும்பாலான குப்பிகள் அதோடு அடைத்துக்கொள்ளும். அடுத்த அமுக்கலில் அந்த அடைப்பு தெறித்து ஒரே குவியலாக விழும். லேப்ராஸ்கோப்பி நீள்குழாயில் இது இன்னும் சங்கடம். குழாயின் உள்சுவரில் நிலைமின்னால் ஒட்டும் தூளையும் எடை பார்த்துக் கழிக்க வேண்டும்.

உயிருள்ள திசுவில்

மேலே சொன்னவற்றில் தேறாத தூளை விலங்கிடம் கொண்டுபோக நெறிமுறைக் குழு எதுவும் சம்மதிக்கக் கூடாது. பன்றியின் கல்லீரலில் 8 மி.மீ. பயாப்ஸி பஞ்ச் கொண்டு 3 முதல் 5 மி.மீ. ஆழக் காயம் என்பது பரவலான மாதிரி. பன்றி ரத்தம் மனித ரத்தத்தைவிட எளிதாக உறையும் என்பதால் ஹெப்பாரின் கொடுத்து உறையும் நேரத்தை அடிப்படை அளவின் இரண்டு மடங்காவது வைத்திருப்பார்கள். இதை 20 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்காவிட்டால் பிற்பகலில் போட்ட தூள்கள் காலையில் போட்டவற்றைவிடச் சிறப்பாகத் தெரியும், ஹெப்பாரின் இறங்கியிருக்கும். ரத்த அழுத்தம் சரிந்தாலும் இதே மாயை.

ஒவ்வொரு காயத்திலும் தூள் போடும் முன் எடை பார்த்த காஸ் துணியால் 10 நொடி ரத்தத்தைச் சேகரியுங்கள். 1.06 கிராம் ஏறினால் 1 மி.லி., அதாவது நிமிடத்துக்கு 6 மி.லி. முன்பே தீர்மானித்த வரம்புக்குள் வராத காயங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிறகு தூள், அழுத்தம், 3, 5, 7, 10 நிமிடங்களில் பார்வை. வெறும் காஸும் அழுத்தமும் மட்டும் உள்ள கன்ட்ரோல் கட்டாயம், கசிவில் கணிசமான பங்கை அழுத்தமே நிறுத்திவிடும். அழுத்துபவர் முன்கூட்டியே எடைத்தராசின் மேல் விரல் வைத்து ஒரே விசையில் அழுத்திப் பழகியிருந்தால் நல்லது. காஸை எடுக்கும் முன் சலைனால் நன்றாக நனைத்து, பக்கவாட்டில் உருட்டி எடுங்கள். காய்ந்த காஸைத் தூக்கினால் பசையோடு உறைவும் பெயர்ந்து வரும், தூளின் தலையில் பழி விழும்.

ரத்தம் நின்றது என்று குறித்ததோடு விடாமல், மிகைத் தூளைச் சலைன் ஊற்றிக் கழுவி மேலும் 10 நிமிடம் காத்திருப்பதுதான் இந்தத் தூளுக்கு உண்மையான தேர்வு. பசை மட்டும் நிறுத்தியிருந்தால் இங்கே மீண்டும் கசியும். பார்த்து மதிப்பெண் போடுபவர் தூள் போடும்போது அறைக்கு வெளியே இருக்கட்டும். புள்ளியியலில், ஒரே பன்றியின் 12 காயங்களை 12 தனி விலங்குகளாக எண்ணும் பிழை இன்னும் ஒழிந்தபாடில்லை.

எல்லாவற்றையும் கிருமி நீக்கத்துக்காகக் கதிரூட்டிய தூளில்தான் செய்திருக்க வேண்டும். காமா கதிர் 25 கிலோகிரே பட்டால் மாவுச்சத்துச் சங்கிலிகள் அறுபடும், நிறம் லேசாக மஞ்சளிக்கும், பி.எச். கொஞ்சம் இறங்கும், பசையின் பிடிப்பு தளரும். அதிகபட்ச அளவான 40 கிலோகிரே பட்ட மாதிரியையும் ஒருமுறை நீல டெக்ஸ்ட்ரானிலும் அமைலேஸிலும் ஓட்டிவிடுங்கள். தூள் எத்தனை காலம் கெடாது என்பதை வெப்பமேற்றிச் சீக்கிரம் பார்க்கும் விரைவு மூப்புச் சோதனையில் 55 டிகிரிக்கு ஏற்றினால் ஓர் ஆண்டை 46 நாளில் முடிக்கலாம் என்று கணக்கு சொல்லும், ஆனால் ஈரமுள்ள மாவுச்சத்து அந்த வெப்பத்தில் அலமாரியில் ஒருபோதும் அடையாத மாற்றங்களை அடையக்கூடும். 40 டிகிரி என்றால் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 129 நாள். பொறுமை வேண்டும், முடிவு நம்பும்படி இருக்கும்.

அளவு வரம்பும் சிட்டைக்குப் போக வேண்டியது. 50 கிராம் மாவுச்சத்து முழுதும் செரித்தால் சுமார் 55 கிராம் குளுக்கோஸ். அரிஸ்டாவின் சிட்டையில் நீரிழிவு நோயாளிகளுக்கு 50 கிராம் உச்சவரம்பு இருப்பது இதனால்தான். சிறுநீரகக் குழிகளிலும் சிறுநீர்க்குழாயிலும் தூளை விட்டுவைக்கக் கூடாது, கல்லுக்குக் கருவாகலாம். நரம்பும் எலும்பும் நெருங்கிய இடங்களில் ஊதும் கன அளவு நெருக்கும் என்பதால், முதலில் எடுத்த உறிஞ்சல் எண்ணைக் கன அளவாக மாற்றி, இறுகிய இடத்தில் எத்தனை மி.லி. வரை வீங்கும் என்று எழுதிக் கொடுங்கள்.